பென்ஷனோடு நின்றுபோகும் ஓட்டம்

படைக்கு ஆள் எடுக்கும் மைதானத்தில் ஒரு பையனின் உடம்பை அளப்பதுபோல அவன் வாழ்நாளில் வேறெங்கும் யாரும் அளக்கப்போவதில்லை. 1.6 கிலோமீட்டர் ஓட வேண்டும். ஒன்பது அடிப் பள்ளத்தைத் தாண்ட வேண்டும். கம்பியில் தொங்கி உடம்பை மேலே இழுக்க வேண்டும். மூச்சை இழுத்துப் பிடித்தால் மார்பு 5 சென்டிமீட்டர் விரிய வேண்டும். பல், காது, கண், முட்டி எதுவும் தப்பாது. தேறிவிட்டால் அன்றிலிருந்து அந்த உடம்பு அரசாங்கத்தின் பொறுப்பு. எத்தனை மணிக்கு எழுவது, எவ்வளவு தூரம் ஓடுவது, என்ன சாப்பிடுவது, எப்போது டாக்டரைப் பார்ப்பது எல்லாவற்றையும் வேலை கொடுத்தவரே முடிவு செய்கிறார். 2022-க்கு முன் சேர்ந்தவருக்குப் பதினைந்து, இருபது ஆண்டுகள் இப்படிப் போகும். பிறகு பென்ஷன் புத்தகத்தோடு ஊர் திரும்புகிறார். இந்தியப் படைகளிலிருந்து ஆண்டுதோறும் சுமார் 60,000 பேர் இப்படித் திரும்புகிறார்கள். அவர்களில் பெரும்பாலோருக்கு வயது 35-க்கும் 45-க்கும் இடையில்தான். சர்க்கரையும் ரத்த அழுத்தமும் ஆளைத் தேடி வரும் வயது அது. அந்த வயதில்தான் அவரைக் காலையில் எழுந்து ஓடச் சொல்ல ஆளில்லாமல் போகிறது.

ஆரணிப் பட்டுக்குப் பேர்போன இந்த வட்டாரத்தில், வெம்பாக்கம், செய்யாறு, ஆரணி, வேலூர் என்று நீளும் பழைய வடஆற்காட்டில், இந்தக் கேள்வி ஏட்டுக் கேள்வி அல்ல. ஆரணி மண்ணுக்கும் படைக்கும் பழைய தொடர்பு உண்டு. 1751-ல் கிளைவின் படை இங்கே போரிட்டது, 1782-ல் ஹைதர் அலியும் ஆங்கிலத் தளபதி அயர் கூட்டும் இங்கே மோதினார்கள். வேலூருக்குத் தெற்கே கணியம்பாடி ஒன்றியத்தில் கம்மவான்பேட்டை என்று ஓர் ஊர் இருக்கிறது. தலைமுறை தலைமுறையாக வீட்டுக்கு வீடு ஆள் அனுப்பியதால் சுற்றுவட்டாரத்தில் அதற்கு இராணுவப்பேட்டை என்றே பெயர். அந்த அளவுக்கு இல்லாவிட்டாலும் பட்டாளத்துக்குப் பிள்ளையைக் கொடுத்த குடும்பம் இல்லாத ஊர் இந்தப் பக்கம் அரிது. ஒரு தெருவில் தறிச் சத்தம், அடுத்த தெருவில் ‘எக்ஸ்-சர்வீஸ்மேன்’ என்று எழுதிய கதவு. இரண்டு தெருக்காரரையும் ஒரே பார்வையில் பார்க்க வேண்டும் என்பது என் கட்சி. அதற்குக் காரணம் பின்னால் வரும்.

வேலை செய்யும் இடத்தில் உடல்நலத்தை வளர்ப்பது என்று இன்று நிறுவனங்கள் பேசுகின்றன. அதை வெகுமுன்பே பெரிய அளவில் செய்து பார்த்தது இராணுவம். தர்மசிந்தனையால் செய்யவில்லை, கணக்கு உதைத்ததால் செய்தது. 1857 எழுச்சிக்குப் பிறகு இந்தியாவில் வெள்ளைச் சிப்பாய்களைக் கூடுதலாக வைத்திருக்க வேண்டிய நிலை வந்தது. அவர்களோ குண்டடியைவிட வயிற்றுப்போக்கிலும் காய்ச்சலிலும் காலராவிலும்தான் அதிகம் செத்தார்கள். 1859-ல் அமைக்கப்பட்ட அரச ஆணையம் 1863-ல் அறிக்கை தந்தது. அது காட்டிய மரண விகிதம் ஆயிரத்துக்கு 69. ஃப்ளாரன்ஸ் நைட்டிங்கேல் இந்தியாவுக்கு வந்ததே இல்லை. ஆனால் ஒவ்வொரு முகாமிலிருந்தும் வந்த பதில்களைப் பிரித்து, குடிநீர், சாக்கடை, நெரிசலான பாரக்குகள், கான்டீனில் தாராளமாகக் கிடைத்த சாராயம் என்று காரணங்களை வரிசைப்படுத்தியவர் அவர்தான். அடுத்த ஆண்டே சென்னை மாகாணத்தில் சுகாதார ஆணையம் அமைந்தது. பத்தாண்டுக்குள் அந்த விகிதம் ஆயிரத்துக்கு 18 ஆக இறங்கியது என்று நைட்டிங்கேலே பின்னர் எழுதினார். சிப்பாய்க்கு யாரும் உபதேசம் செய்யவில்லை. கிணற்றை மாற்றினார்கள், கழிவை அகற்றினார்கள், படுக்கைகளுக்கு இடையே இடம் விட்டார்கள்.

இதைவிடத் தெளிவான சான்று ஜப்பானியக் கடற்படையில் கிடைக்கிறது. அதற்கு ஒரு சென்னை முன்கதையும் உண்டு. 1835-ல் சென்னை இராணுவத்தின் உதவி சர்ஜன் ஜான் மால்கம்சன் ‘பெரிபெரி’ நோயைப் பற்றி ஒரு நூல் எழுதினார். கால் வீங்கி, மரத்து, கடைசியில் இதயம் நின்றுபோகும் அந்த நோய் மாகாணத்தின் வடசர்க்கார் பகுதியில் படையினரை வாட்டிக்கொண்டிருந்தது. நோயின் குறிகளை அவர் நுணுக்கமாகப் பதிவு செய்தார், காரணம் பிடிபடவில்லை. ஏறக்குறைய ஐம்பது ஆண்டு கழித்து ஜப்பானியக் கடற்படை மருத்துவர் தகாகி கனேஹிரோ பிரச்சினையை வேறு பக்கமிருந்து பிடித்தார். 1882-83-ல் நியூசிலாந்து, பெரு, ஹவாய் வழியாகச் சென்று திரும்பிய ‘ரியூஜோ’ கப்பலில் 376 பேரில் 169 பேருக்கு நோய் கண்டது. 25 பேர் இறந்தார்கள். அவர்களின் சாப்பாடு பெரும்பாலும் தீட்டிய வெள்ளை அரிசி. 1884-ல் ‘ட்சுகுபா’ கப்பலை அதே வழியில் அனுப்பச் செய்து, அரிசியைக் குறைத்து இறைச்சி, பால், ரொட்டி என்று உணவை மாற்றினார் தகாகி. ஒருவர்கூட இறக்கவில்லை. வைட்டமின் என்ற சொல்லே அப்போது பிறக்கவில்லை. காரணத்தைப் பற்றிய தகாகியின் விளக்கமும் தவறுதான். இருந்தும் சமையல்கட்டு மாறியதும் நோய் போயிற்று. ஜப்பானியத் தரைப்படையோ, இது கிருமியால் வரும் நோய் என்ற பிடிவாதத்தில் வெள்ளை அரிசியை விடாமல் வைத்திருந்தது. 1904-05 ரஷ்யப் போரில் பெரிபெரிக்கு மட்டும் சுமார் 27,000 வீரர்களைப் பறிகொடுத்தது.

நம் படையிலும் ஒரு சமையல்கட்டு மாற்றம் அண்மையில் நடந்தது. 2023-ல் இந்தியத் தரைப்படை கம்பு, சோளம், கேழ்வரகு மாவுகளை மறுபடியும் ரேஷனில் சேர்த்தது. கோதுமைக்காக அவற்றைக் கைவிட்டு அரை நூற்றாண்டுக்கு மேல் ஆகியிருந்தது. வடஆற்காட்டுக்காரருக்கு இதைப் படித்தால் சிரிப்பு வரும். கேழ்வரகுக் களியும் கூழும் குடித்து வளர்ந்த தாத்தா படையில் சப்பாத்திக்குப் பழகினார். பென்ஷனில் வந்த அப்பா மூன்று வேளையும் ரேஷன் அரிசிச் சோறு சாப்பிட்டார். இப்போது பேரனுக்குப் பட்டாளம் கேழ்வரகைத் திருப்பித் தருகிறது.

இந்த உடல்நல ஏற்பாட்டின் இன்னொரு கால் பரிசோதனை. இராணுவ மருத்துவம் ஒரு வீரரை ஐந்து கூறாகப் பிரித்து எடைபோடுகிறது: மனநிலை, செவி, கை கால், பொது உடல்திறன், கண். ஆங்கில முதலெழுத்துகளைச் சேர்த்து இதை ‘ஷேப்’ என்கிறார்கள். ஐந்திலும் முதல் தரம் என்றால் ‘ஷேப் ஒன்’. சர்க்கரையோ அழுத்தமோ தலைகாட்டினால் தரம் இறங்கும். “கேட்டகரி ஆயிட்டான்” என்பது பட்டாளத்தார் பேச்சு. அதற்கு மேல் 2.4 கிலோமீட்டர் ஓட்டம், கம்பியில் ஏறல், போர்ச் சுமையோடு 5 கிலோமீட்டர் என்று உடல்தகுதித் தேர்வுகள் தொடர்ந்து வரும். நகரத்து அலுவலகம் எதிலும் இந்தக் கண்டிப்பு நடக்காது. இதில் ஓர் ஓட்டையும் உண்டு. தரம் இறங்கினால் பதவி உயர்வு தடைபடும் என்று தெரிந்தவர் தலைவலியையும் மனச்சுமையையும் எம்.ஐ. ரூம் எனும் முகாம் மருத்துவ அறையில் போய்ச் சொல்லத் தயங்குவார். கண்டிப்பு நோயைக் கண்டுபிடிக்கவும் செய்யும், மறைக்கவும் வைக்கும்.

உடம்பின் மேல் உத்தரவு போடுவதற்கு ஓர் எல்லை உண்டு என்பதை இந்தப் பகுதிக்காரருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. 1806 ஜூலை 10 விடியுமுன் வேலூர்க் கோட்டையில் சிப்பாய்கள் எழுந்ததற்கு உடனடிக் காரணம் புதுத் தலைப்பாகையும், நெற்றிக்குறி, தாடி, கடுக்கன் கூடாது என்ற உத்தரவும்தான். ஆரோக்கியத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை, உண்மை. ஆனாலும் ஆளைக் கேட்காமல் அவர் உடம்பில் கைவைக்கும் எந்தத் திட்டமும் நினைவில் வைக்க வேண்டிய ஊர் வேலூர்.

சரி, கண்டிப்பு வேண்டாம், அன்பாகச் சொல்லிப் பார்க்கலாமே என்பதுதான் இன்றைய நிறுவனங்களின் வழி. நடைப்பயிற்சிப் போட்டி, யோகா வகுப்பு, எடை குறைத்தால் பரிசு. இதன் பலன் என்ன என்று அமெரிக்காவில் இரண்டு பெரிய ஆய்வுகள் ஒழுங்காகச் சோதித்தன. இல்லினாய் பல்கலைக்கழகம் தன் ஊழியர்களில் கிட்டத்தட்ட 5,000 பேரைக் குலுக்கல் முறையில் பிரித்து, ஒரு சாராருக்கு மட்டும் திட்டத்தில் சேர வாய்ப்பளித்தது. பி.ஜே’ஸ் என்ற கடைத் தொடரில் சுமார் 33,000 ஊழியர்கள் வேலை செய்த 160 இடங்களில் 20 இடங்களைத் தேர்ந்து ஒன்றரை ஆண்டு திட்டத்தை நடத்தினார்கள். இரண்டின் முடிவும் 2019-ல் வெளியானது. கடைத் தொடரில், தாங்கள் கூடுதலாக உடற்பயிற்சி செய்வதாக ஊழியர்கள் சொன்னார்கள். ஆனால் ரத்த அழுத்தம், கொழுப்பு, சர்க்கரை, எடை, மருத்துவச் செலவு, விடுப்பு எதிலும் குறிப்பிடத்தக்க மாற்றமில்லை. இல்லினாயில் இன்னொன்றும் தெரிந்தது. திட்டத்தில் தாமாக வந்து சேர்ந்தவர்கள் ஏற்கெனவே ஆரோக்கியமாக இருந்தவர்கள். ஜிம்முக்குப் போகிறவர்தான் ஜிம் கூப்பனையும் வாங்குகிறார். இத்தகைய திட்டங்களின் வெற்றிக் கணக்குகள் பலவும் இப்படிச் சேர்ந்தவர்களை மட்டும் எண்ணிச் சொல்லப்பட்டவை.

இதற்கு எதிர்ப்பக்கச் சான்று இந்தியாவிலேயே இருக்கிறது. நாட்டின் பல தொழிற்சாலைகளில் தொழிலாளர்களையும் குடும்பத்தாரையும் சேர்த்துப் பல ஆண்டுகள் நடந்த இதயநோய்த் தடுப்பு முயற்சி ஒன்றை டாக்டர் துரைராஜ் பிரபாகரன் குழுவினர் 2009-ல் வெளியிட்டார்கள். அங்கே எடை, ரத்த அழுத்தம், சர்க்கரை, கொழுப்பு குறைந்தன. தொழிற்சாலையும் குடியிருப்பும் ஒன்றாக இருக்கும் இடத்தில், தனியாளிடம் பேசுவதோடு நிற்காமல் சுற்றுப்புறத்தையும் சேர்த்துத் தொட முடிகிறது. இது குலுக்கல் முறை ஆய்வு அல்ல. அதனால் இதன் சொல்லை அமெரிக்க ஆய்வுகளுக்குச் சமமாக எடைபோட மாட்டேன். ஆனாலும் ‘ட்சுகுபா’ கப்பல் சொன்ன திசையைத்தான் இதுவும் காட்டுகிறது.

இப்போது ஊர் திரும்பியவரிடம் வருவோம். அவருக்காக 2003 ஏப்ரல் 1-ல் மத்திய அரசு முன்னாள் படைவீரர் பங்களிப்பு சுகாதாரத் திட்டத்தைத் தொடங்கியது. இ.சி.எச்.எஸ். என்றால்தான் ஊரில் தெரியும். ஒருமுறை பணம் கட்டிவிட்டால் அவருக்கும் மனைவிக்கும், சார்ந்திருக்கும் பிள்ளைகளுக்கும் பெற்றோருக்கும் வாழ்நாள் முழுக்க மருத்துவம். நாடெங்கும் 400-க்கும் மேற்பட்ட பாலிகிளினிக்குகள் இருக்கின்றன. பெரிய வியாதி என்றால் அங்கே ரெஃபரல் வாங்கித் தனியார் மருத்துவமனைக்குப் போகலாம். இந்தியாவில் ஒரு ஹவில்தார் குடும்பத்துக்குக் கிடைக்கும் இந்தப் பாதுகாப்பு வேறெந்தத் தொழிலாளி குடும்பத்துக்கும் எளிதில் கிடைக்காது. குறை சொல்வதற்கு முன் இதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனால் இது வியாதி வந்தபின் திறக்கும் கதவு. படையில் இருந்தவரை அவரைத் தேடி வந்த பரிசோதனையை இப்போது அவர் பஸ் ஏறித் தேடிப் போக வேண்டும். போகிறவர் மாத்திரை வாங்கத்தான் போவார்.

அந்த மாத்திரைக்கான தேவை எப்படி வளர்ந்தது என்பதற்கு நம் பக்கத்திலேயே கணக்கு இருக்கிறது. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியினர் 1991-94-ல் வேலூர் நகரிலும் கணியம்பாடி ஒன்றியக் கிராமங்களிலும் ஓர் ஆய்வு செய்தார்கள். 2010-12-ல் அதையே திரும்பச் செய்தார்கள். நகரத்தில் சர்க்கரை நோய் இரண்டு மடங்காகியிருந்தது. கிராமத்தில் மூன்று மடங்கு. இராணுவப்பேட்டை இருக்கும் அதே ஒன்றியம். அந்த ஆய்வு படைவீரரைத் தனியாகப் பிரித்துப் பார்க்கவில்லை. அவர்கள் திரும்பி வந்து சேரும் கிராமம் எப்படி மாறியிருக்கிறது என்பதைக் காட்டுகிறது. 2023-ல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழக ஆய்வின்படி தமிழகத்தில் வயது வந்தோரில் 14.4 சதவீதம் பேருக்குச் சர்க்கரை நோய். நாட்டின் சராசரி 11.4.

பென்ஷனுக்குப் பிறகும் அரசாங்கம் விடாமல் தொடரும் இன்னொரு சலுகை உண்டு. 1948-ல் தொடங்கிய கான்டீன் துறை சோப்பு முதல் ஃபிரிட்ஜ் வரை விலை குறைத்துத் தருகிறது. பதவிக்கேற்ற அளவில் மதுவும் தருகிறது. ‘கோட்டா’ என்றால் ஊரில் எல்லாருக்கும் புரியும். தான் குடிக்காவிட்டாலும் கேட்டு வருகிறவருக்காக அதை வாங்கி வைப்பவர் உண்டு. கல்யாண வீட்டில் அதற்குத் தனி மரியாதை. 1863 அறிக்கை கான்டீன் சாராயத்தைக் குற்றம் சாட்டி நூற்றாண்டு கடந்துவிட்டது. ஒரே அரசாங்கம் ஒரு கவுன்டரில் மலிவு ரம்மும் இன்னொரு கவுன்டரில் கல்லீரல் மாத்திரையும் தருவதை நலத்திட்டம் என்று அழைப்பதில் எனக்குச் சங்கடம் இருக்கிறது. அமெரிக்கப் படையினருக்கும் இதே கதை சிகரெட்டில் இருந்தது. 1975-ல்தான் அவர்களின் போர்க்கள உணவுப் பொட்டலத்திலிருந்து சிகரெட் நீங்கியது. முகாம் கடைகளில் மலிவு விலையில் விற்றதை 2016-ல் வெளிக்கடை விலைக்கு உயர்த்தினார்கள். உயர்த்தியபோது முணுமுணுப்பு இருந்தது, உயர்த்தவும் செய்தார்கள். நம் ஊரில் கோட்டாவைக் குறைக்கப்போவதாகச் சொன்னால் எழும் சத்தம் டெல்லிவரை கேட்கும். அதற்குப் பயந்து பேசாமல் இருப்பதும் ஒருவகைக் கோழைத்தனம்தான்.

மனைவியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். படைவீரர் சமூகம் என்று பேசும்போது நம் கண்ணில் சீருடைதான் நிற்கிறது. கணவர் எல்லையில் இருந்த ஆண்டுகளில் மாமியார் மாமனாரையும் பிள்ளைகளையும் நிலத்தையும் தனியாகப் பார்த்தவள் அவள். படைவீரர் மனைவியர் நலச்சங்கம் 1966-லிருந்து இருந்தாலும் அதன் நடமாட்டம் முகாம்களைச் சுற்றித்தான். வெம்பாக்கத்துக் கிராமத்தில் குடியிருக்கும் நாயக்கின் மனைவிக்கு அது கேள்விப்பட்ட பெயர், அவ்வளவே. அவளை எந்த ‘ஷேப்’ பட்டியலும் எடைபோட்டதில்லை.

தறித்தெருவையும் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்று முன்பு சொன்னதன் காரணம் இதுதான். பட்டு நெசவாளிக்கு வீடே வேலைத்தலம். குழித்தறியில் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்து, நாள் முழுக்க மிதியை மிதித்து, நாடாவை வீசி, இழை அறுந்தால் மங்கிய வெளிச்சத்தில் கண்ணை இடுக்கி முடிச்சுப் போடும் வேலை. முதுகும் முட்டியும் தோளும் கண்ணும் தேய்வதை அவர் நோயாகவே கணக்கில் எடுப்பதில்லை. தொழிற்சாலைச் சட்டம் 1948, 250 தொழிலாளிக்கு மேல் இருந்தால் கான்டீனும் 500-க்கு மேல் இருந்தால் ஆம்புலன்ஸ் அறையும் வேண்டும் என்றது. இரண்டு தறி ஓடும் திண்ணைக்கு எந்தச் சட்டமும் இல்லை. பட்டாளத்துக்காரருக்கு ஒருகாலத்தில் எல்லாம் இருந்து பிறகு நின்றது. நெசவாளிக்கு எப்போதுமே இருந்ததில்லை. இன்று இருவரும் நிற்கும் இடம் ஒன்றுதான்.

இந்த இடத்தில் தமிழக அரசின் ஒரு திட்டம் கைகொடுக்கும். 2021 ஆகஸ்ட் 5-ல் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ சர்க்கரை, அழுத்த மாத்திரைகளை வீட்டு வாசலுக்குக் கொண்டுவந்தது. இயன்முறைச் சிகிச்சையும் அதில் உண்டு. 2024-ல் ஐக்கிய நாடுகள் அமைப்பின் விருதும் பெற்றது. அதே ஆண்டு அதன் கிளையாகத் தொழிற்சாலைகளில் பரிசோதனை செய்யும் ‘தொழிலாளரைத் தேடி மருத்துவம்’ வந்தது. செய்யாறு சிப்காட்டின் காலணித் தொழிற்சாலைப் பெண்களைப் போன்றவர்களுக்கு அது பொருந்தும். தறிவீட்டைத் தொழிற்சாலையாகக் கருதும் ஏற்பாடுதான் இன்னும் வேண்டும். கூட்டுறவு நெசவாளர் சங்கத்தில் கூலி வாங்கவும் பாவு வாங்கவும் ஆட்கள் வந்தே ஆக வேண்டும்; அந்த வளாகம் பரிசோதனைக்குப் பொருத்தமான இடம். பாலிகிளினிக் கைக்கெட்டாத முன்னாள் வீரரையும் அவர் மனைவியையும் அதே நாளில் அங்கே பார்த்துவிடலாம். இராணுவத்தின் பணமும் மாநிலத்தின் பணமும் ஒரே மேஜையில் சேர மாட்டா என்று கோப்பு சொல்லும். சர்க்கரை நோய்க்கு எந்தக் கோப்பும் தெரியாது.

இந்த ஊர்களில் வீணாகும் வளம் ஒன்று உண்டு. இருபது ஆண்டு பி.டி. பரேட் எடுத்தவர்கள் தெருவுக்கு ஒருவராக இருக்கிறார்கள். பலர் ஆள்சேர்ப்புக்குத் தயாராகும் பையன்களுக்குக் காலையில் ஓட்டப் பயிற்சி கொடுக்கிறார்கள். மைதானமும் இருக்கிறது, விசில் ஊத ஆளும் இருக்கிறது. ஓடுகிற கூட்டத்தில் பதினெட்டு வயசுப் பையன் மட்டும் இருக்கிறான். நாற்பத்தைந்து வயசுக்காரர் ஓரமாக நின்று டீ குடிக்கிறார். இல்லினாய் ஆய்வு சொன்ன கதைதான் இங்கேயும்: ஆரோக்கியமானவர் மட்டும் சேர்கிறார்.

இதை ஒத்திப்போட நேரமில்லை. 2022 ஜூனில் அறிவிக்கப்பட்ட அக்னிபத் திட்டத்தில் சேர்ந்தவர்களுக்கு நான்கே ஆண்டுகள். நான்கில் ஒரு பங்கினர் வரை மட்டும் நிரந்தரமாக்கப்படுவார்கள். மற்றவர்களுக்குச் சுமார் 11.71 லட்சம் ரூபாய் சேவா நிதி உண்டு. பென்ஷன் இல்லை, முன்னாள் படைவீரர் தகுதி இல்லை, இ.சி.எச்.எஸ். இல்லை. தரைப்படையின் முதல் அணி 2023 ஜனவரியில் பயிற்சிக்குப் போனது. அவர்கள் திரும்பும்போது வயது இருபதுகளில்தான் இருக்கும். அடுத்த நாற்பது ஆண்டுக்கு அவர்கள் உடம்புக்குப் பொறுப்பு அவர்கள் ஊர்தான். வெம்பாக்கம், ஆரணி, கணியம்பாடி ஒன்றியங்களின் ஊராட்சிகள் அடுத்த கிராமசபைக் கூட்டத்திலேயே மூன்று பட்டியல்களைப் பதிவு செய்ய வேண்டும்: ஊரில் முன்னாள் படைவீரர் எத்தனை பேர், அவர்களின் மனைவியர் எத்தனை பேர், தறியில் உட்காருவோர் எத்தனை பேர். அந்தப் பட்டியல்களோடு ஆரம்ப சுகாதார நிலையத்திடம் பரிசோதனைக்காக மாதம் ஒரு நாள் கேட்டு வாங்க வேண்டும்.